கண்மாய்க்கு எதிர்ச்சுவரில் வரையப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பள்ளிச் சுற்றுச்சுவருக்காக நீ வரைந்திருக்கும் மாதிரிப் படத்தைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகள், நடுவில் பூமி உருண்டை, அதன் உச்சியில் ஒரு மரக்கன்று, கீழே ‘மரம் வளர்ப்போம்’ என்ற வாசகம். உன் கோட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் படத்தை எந்த ஊர்ச் சுவரிலும் பார்த்துவிடலாம். நீ வரையப்போகும் சுவருக்கு நேர் எதிரே ஒரு கண்மாய், நம் ஊர்ப் பாசன ஏரி, கிடக்கிறது. உருண்டையை விட்டுவிட்டு அதை வரை என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எத்தனை ஏக்கர் பாயும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தத் தண்ணீர் நிறைந்து நிற்கும் ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அதைக் கண்முன் நிறுத்துவது கலைஞனின் வேலை. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடவந்த குடபுலவியனார், நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்கு, அப்படித் தேக்கியவர்களின் பெயர்தான் நிற்கும் என்று அரசனிடமே சொன்னார். புறநானூற்றின் 18ஆம் பாட்டு அது. போர் வெற்றிகளால் பெயர் பெற்றவனிடம் போய்க் குளம் வெட்டச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும், யோசித்துப் பார்.

ஐயனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பைச் சின்ன வயதிலிருந்து நீ பார்த்திருப்பாய். ஒரு ஓவியனாக இன்னொரு முறை பார். ஊர்ப் பெரியவர்கள் மண் வேலை செய்யும் வேளாரிடம் ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண்ணை, கொடுத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்துப் பிசைகிறார்கள். முதலில் நான்கு கால்கள், தனித்தனி உருளைகளாக. அவை இறுகிய பின் வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை. உள்ளே முழுக்கக் கூடாகத்தான் இருக்கும். கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். வண்ணம் தீட்டி, கண் திறந்து, தோளில் சுமந்துபோய்க் கரையில் இருக்கும் ஐயனாரிடம் நிறுத்திவிட்டு வருகிறார்கள். அதோடு சரி. வெயிலும் மழையும் படட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். காது உதிர்கிறது, கால் சரிகிறது. யாரும் சிமெண்ட் பூசுவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதிய புரவி வரும்.

இதில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது வேறொன்று. ஊர் கூடி ஒரு மனதாக முடிவெடுத்தால்தான் பிடிமண் கொடுக்க முடியும். வழக்கு வம்பில் ஊர் இரண்டுபட்டால் எடுப்பு ஆண்டுக்கணக்கில் நின்றுபோவதும் உண்டு. அதாவது ஒரு மண் குதிரை எழுந்து நிற்கவேண்டுமானால் கண்மாயும் நன்றாக இருக்கவேண்டும், ஊரும் ஒன்றாக இருக்கவேண்டும். நிலைத்து வாழும் சமூகத்துக்கு இதைவிட நல்ல சித்திரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி உனக்குப் பக்கம்தான். 2022 நவம்பரில் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், சுனைகள், வல்லூறுகள். டங்ஸ்டன் சுரங்கத்துக்காக அந்தப் பகுதி ஏலம் போனதும் மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றது மக்களின் உறுதி. அதில் கலைக்குப் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் அங்கே பேசியவர்கள் நீரையும் விவசாயத்தையும் சொன்ன அதே மூச்சில் சமணத் துறவிகளின் கற்படுக்கையையும் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் வெட்டிய கல்வெட்டையும் குடைவரைக் கோயிலையும் சொன்னார்கள். என்றோ ஒரு சிற்பி அந்தக் குன்றில் உளி வைத்தான். அது வெறும் பாறை என்று இன்று எவராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே சுவரில் நம் கண்மாயை அதன் உறுப்புகளோடு வரை. நீர் வந்து சேரும் வரத்துக்கால், கரை, வயலுக்கு நீர் திறக்கும் மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, அது ஓடும் மறுகால் எல்லாம் இருக்கட்டும். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கரையில் ஒருமுறை நடந்து வா. எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று அவர் வாயால் கேள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மடை எது, கலுங்கு எது என்று சுவரைப் பார்த்தே தெரியவேண்டும். பத்து ஆண்டுக்குப் பிறகு இந்தக் கண்மாய் எப்படி இருக்கவேண்டும் என்று அவர்களையும் கேள். நீச்சல் பழகவேண்டும் என்பான் ஒருவன். மீன்பிடித் திருவிழா வேண்டும் என்பாள் ஒருத்தி. இருவரையும் வரை. பிளாஸ்டிக் வண்ணம் வேண்டாம். சுண்ணாம்பும் காவியும் போதும். மழையில் கரையுமே என்று கவலைப்படாதே. தைக்குத் தை பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடி வரையலாம், அந்த ஆண்டு நீர் எதுவரை நின்றதோ அதுவரை நீலம் தீட்டி.

ஒரு சிக்கல் இருக்கிறது. கண்மாய் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பரப்பில், வடக்கு மூலையில் வீடுகள் இருக்கின்றன. அவை இல்லாத கண்மாயை வரைவது மிகச் சுலபம். படமும் அழகாக வரும். அப்படி மட்டும் செய்துவிடாதே. வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே வந்து குடியேறியவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். தங்கள் வீடு அழிக்கப்பட்ட படத்தைக் கடந்துதான் தினமும் வகுப்புக்குப் போகவேண்டியிருக்கும். நீர் நிறையும் கண்மாயில் அவர்களுக்கு எங்கே இடம் என்பதை அவர்களையும் ஊரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள். சண்டை வந்தாலும் வரட்டும். பதில் கிடைக்கும்வரை அந்த மூலையைப் பென்சில் கோட்டோடு நிறுத்தி வை.

சுண்ணாம்புக்கும் காவிக்கும் ஆகும் செலவு என்னுடையது. எப்போது தொடங்குகிறாய் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்