ஆட்டோ விபத்து: வீடு திரும்பிய பிறகும் சிகிச்சை வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆட்டோ மோதல் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ‘காயமடைந்தவர்கள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினர்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

பக்கங்கள் திறந்த வண்டி அது. பின்னால் உட்காருபவருக்குப் பெரும்பாலும் சீட் பெல்ட்டும் இருக்காது. கவிழ்ந்தால் தலை கம்பியில் இடிக்கும், ஊன்றிய கையில் உடம்பின் எடை முழுவதும் இறங்கும். மணிக்கட்டிலுள்ள சிறிய எலும்பில் ஏற்படும் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி விடாவிட்டால் 10 முதல் 14 நாட்களில் மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தலையில் பட்ட அடி இன்னும் ஆபத்தானது. முதியவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து, சில வாரங்கள் கழித்துக்கூடத் தலைவலி, மறதி, நடையில் தடுமாற்றம் என்று வெளிப்படலாம். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பிசியோதெரபி. கட்டுப் பிரித்ததோடு சரி என்று இருந்தால் மூட்டு இறுகிப்போகும். அடிபட்டவர் ஓட்டுநர் என்றால் அவர் பிழைப்பே போய்விடும்.

எந்த நாளில் திரும்ப வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்த பிறகே மருத்துவமனைகள் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். விபத்துச் செய்திகளின் கீழே தங்கள் நாளிதழும் இந்த அறிகுறிகளை இரண்டு வரியில் வெளியிடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்