சின்ன ராக்கெட் நம்ம ரூட்டுக்கு வருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்புல சின்ன ராக்கெட் செய்யற சென்னை அக்னிகுல் கம்பெனி பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோசம். 2017ல ஐஐடி மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, 3டி பிரிண்டர்ல ஒரே துண்டா அடிச்ச எஞ்சின், நாலு தடவ தள்ளிப்போயி 2024 மே 30ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல சொந்த ஏவுதளத்துல இருந்து அவங்க ராக்கெட் பறந்தது, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. (அது சும்மா மேல போயி கடல்ல விழுற டெஸ்ட் பயணம், சுத்துப்பாதைக்குப் போகலன்னு எங்கேயாச்சும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.) ஆனா தலைப்புல இருந்து கடைசி வரி வரைக்கும் தமிழன் சாதனை, தமிழன் சாதனைதான். இது ஒரு வியாபாரம் ஐயா, யாரு காசு குடுத்து சேட்டலைட் ஏத்துவா, எதுக்கு ஏத்துவாங்கறத ஒரு பாராவுல கூட காணோம்.

இந்த சின்ன ராக்கெட் கதையில நம்ம மலேசியாவுக்கே ஒரு பங்கு இருக்கு, அதையும் விட்டுட்டீங்க. 2009 ஜூலை 14ம் தேதி பூமிய படம் எடுக்கற நம்ம ரசாக்சாட் சேட்டலைட், 180 கிலோ, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட ஃபால்கன் 1ங்கிற சின்ன ராக்கெட்ல போச்சு. அந்த ராக்கெட் மொத மூணு தடவையும் ஊத்திக்கிச்சு, நாலாவது தடவ வெறும் டம்மி எடைய வச்சு ஜெயிச்சாங்க, அஞ்சாவதுல நம்மோடது. காசு குடுத்தவங்க சேட்டலைட்ட ஸ்பேஸ்எக்ஸ் மொத மொதல்ல ஒழுங்கா கொண்டுபோயி விட்டது மலேசியாவுக்குத்தான், இத இங்க எத்தன பேருக்கு தெரியும்? அதோட ஃபால்கன் 1க்கு அதுவே கடைசிப் பயணம். பெரிய ராக்கெட்லதான் காசுன்னு சின்னத மூடிட்டாங்க. பாவம் ரசாக்சாட்டும் ரொம்ப நாள் ஓடல, அது வேற கத.

ஏன் அந்தச் சின்ன ராக்கெட்டுக்குப் போனோம்? ரசாக்சாட் பூமத்திய ரேகைய ஒட்டி 9 டிகிரி சாய்வுல, 685 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற மாதிரி செஞ்சது. கிட்டத்தட்ட 100 நிமிசத்துக்கு ஒரு தடவ நம்ம பக்கம் வந்துட்டுப் போகும், நமக்கோ எப்பப் பாத்தாலும் மேகம், அடிக்கடி வந்தாத்தான் எப்பவாச்சும் ஒரு இடைவெளியில படம் கிடைக்கும். ராக்கெட் கிளம்புற எடம் பூமத்திய ரேகையில இருந்து எத்தன டிகிரி தள்ளி இருக்கோ, அதுக்குக் கம்மியான சாய்வுப் பாதைக்கு நேரா போக முடியாது, பசிபிக் கடல்ல ஒமெலெக் தீவு 9 டிகிரியில இருந்துச்சு, அங்கிருந்து விட்டாங்க.

இப்ப என்னாச்சுன்னா 2021 ஜனவரியில ஸ்பேஸ்எக்ஸ் ஒரே பெரிய ராக்கெட்ல 143 சேட்டலைட்ட ஏத்திக்கிட்டுப் போச்சு. 2019ல இப்படிப் பல பேரு சேட்டலைட்ட கூட்டா ஏத்தற திட்டத்துக்கு அவங்க சொன்ன விலை 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர், நியூசிலாந்துல ஆரம்பிச்ச ராக்கெட் லேப் கம்பெனியோட எலக்ட்ரான்ங்கிற சின்ன ராக்கெட் 300 கிலோ வரைக்கும் தூக்கும், ஆனா முழு ராக்கெட்டுக்கு சுமாரா 75 லட்சம் டாலர் வாங்குனாங்க. எவன் சின்னதுல ஏறுவான்? ஆனா அந்தக் கூட்டு ராக்கெட் பெரும்பாலும் துருவத்துக்குத் துருவம் போற பாதையிலதான் எறக்கி விடும். எக்ஸ்பிரஸ் பஸ் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்துல எறக்கி விட்டா தோட்டத்துக்குள்ள போக நாமதானே வண்டி புடிக்கணும், அது மாதிரி. நமக்கு ஒரு சின்ன ராக்கெட் வேணும்னா அதுக்குத்தான் வேணும்.

ஆனா ஓட்டறவனுக்கு கட்டுப்படியாகணுமே. அமெரிக்காவுல வெக்டர்ங்கிற சின்ன ராக்கெட் கம்பெனி 2019லயே திவால், விமானத்துல இருந்து ராக்கெட் விட்ட வர்ஜின் ஆர்பிட் 2023 ஜனவரியில இங்கிலாந்து கார்ன்வால்ல இருந்து போன பயணம் தோத்து ஏப்ரல்ல திவால். ஜெயிச்ச ராக்கெட் லேப்பே இப்ப 13 டன் தூக்கற நியூட்ரான்னு பெருசு ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கு, அதுவே சொல்லுது இல்ல சின்னதுல எவ்ளோ மிஞ்சுதுன்னு.

திருச்செந்தூர் பக்கம் குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரி 28ம் தேதி அடிக்கல் நாட்டுன ஏவுதளம் பத்தியும் பெருமையா எழுதியிருந்தீங்க. எடம் 8 டிகிரிக்கு கொஞ்சம் மேல, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கிழக்கால இலங்கை நிக்குது, அது மேல ராக்கெட் விட முடியாது, தெக்கால துருவத்துக்குப் போறதுக்குத்தான் அந்த எடம். ஸ்ரீஹரிகோட்டா 13 டிகிரிக்கு மேல. அப்ப நம்ம 9 டிகிரி ரூட்டுக்கு எங்கிருந்து வருவாங்க?

எங்க ஏரியா தமிழ்ப்பள்ளி புள்ளைங்க ஸ்கிராப் புக்ல அந்தப் பக்கத்த வெட்டி ஒட்டியிருக்காங்க, எஞ்சின் படத்த பாத்து கேள்வியும் கேக்குதுங்க, அதனாலதான் இவ்ளோ எழுதறேன். அக்னிகுல்காரங்கள நீங்க பேட்டி எடுத்தீங்கன்னா, சாதனையாளருக்கு வாழ்த்து சொல்லிட்டு இந்த ஒண்ண மட்டும் கேட்டுப் போடுங்க: 150 கிலோ சேட்டலைட்ட 9 டிகிரி சாய்வுல விட எங்கிருந்து கிளம்புவீங்க, எத்தன டாலர் கேப்பீங்க, ராக்கெட் தோத்தா காசு யாரு தருவா?

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட்