காலிக் கட்டம்

அன்புள்ள நண்பா,

தண்டையார்பேட்டையில் எல்லோரும் நலம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

காசிமேட்டுப் படகுக்காரர்களுக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா? மேலே டீசல் கணக்கு, கீழே ஐஃப்ரேமில், அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் கட்டத்தில், கடல் நிலவரம் சொல்லும் வேறொரு தளம். போன மாதம் ராத்திரி 11 மணிக்கு மாமா போன் செய்தார். "கீழ ஒண்ணுமே இல்லப்பா, ஏதோ தாள் மாதிரி ஒரு சின்ன படம்தான் இருக்கு. எச்சரிக்கை இல்லன்னு எடுத்துக்கலாமா?" அந்தத் தளத்தை நேரே திறந்தேன். பலத்த காற்று எச்சரிக்கை! மாமா கடலுக்குப் போகவில்லை. எனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

அந்தத் தளம் தன் பக்கத்தை வேறு தளங்கள் ஃப்ரேமில் வைக்கக் கூடாதென்று, பக்கத்தோடு பிரவுசருக்குப் போகும் எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் என்ற ஹெட்டர் குறிப்பில் சேம்ஆரிஜின், அதாவது அதே தளம் மட்டும், என்று அனுப்பத் தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்து வைத்து, ஆளுக்குத் தெரியாமல் அதில் அழுத்த வைக்கும் கிளிக்ஜாக்கிங் மோசடியைத் தடுக்க அது தேவைதான், அவர்கள் மேல் தப்பில்லை. தப்பு என் கோடில். பக்கம் வராவிட்டால் ஆன்எரர் என்ற பிழைச் செய்தி வரும் என்று நம்பியிருந்தேன். ஐஃப்ரேமில் அது வரவே வராது. பக்கம் வராவிட்டாலும், ஏற்றி முடிந்தது என்று சொல்லும் லோட் ஈவென்ட் வந்துவிடும். என் கோடும் அதை நம்பி, பக்கம் வரும்வரை சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தை எடுத்துவிட்டது. ஃப்ரேம் ஏறவில்லை என்று பிரவுசர் சொன்னால், எந்த வலைப்பக்கமும் உன் ஆபீஸ் நெட்வொர்க்கில் என்னென்ன சர்வர் இருக்கிறதென்று துழாவிவிட முடியும். அதனால்தான் இந்த மௌனம்.

இப்போது அந்த ஃப்ரேமையே எடுத்துவிட்டேன். "கடல் எச்சரிக்கை இங்கே தெரியாது, இதை அழுத்திப் பாருங்கள்" என்று பெரிய பட்டன், புது டேபில் திறக்கும். மீன் விலைப் பக்கம் என்னுடையது, அதை ஃப்ரேமிலேயே விட்டேன். திறந்ததும் அது, ஃப்ரேமிலிருந்து வெளிப்பக்கத்துக்குச் செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜ் வழியாக ஒரு வார்த்தை அனுப்பும். 8 வினாடிக்குள் வராவிட்டால் "விலை வரவில்லை" என்று சிவப்பில் காட்டும். முதலில் 3 வினாடி வைத்தேன். துறைமுகத்து நெட்டுக்கு அது போதவில்லை, சும்மா சும்மா சிவப்பு வந்தது. தாமதமாக வார்த்தை வந்தால் சிவப்பு தானே மறையும்.

அப்புறம், உங்கள் ஆபீஸில் பணம் கட்டும் பக்கம் ஃப்ரேமில்தானே இருக்கிறது? நெட்டை அணைத்துவிட்டு ஒருமுறை அந்த ஃப்ரேமை ஏற்றிப் பார். என்ன தெரிகிறதென்று எனக்கு எழுது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. நீ கடைசியாக வந்தபோது இங்கே மெட்ரோ இல்லை. இப்போது தண்டையார்பேட்டையிலேயே இறங்கலாம், நான் வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்