சொங்க்ரானுக்குக் கிளம்பும் முன், உங்கள் போனுக்காக

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே தாய்லாந்தின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான சொங்க்ரானும் வருகிறது. ஏப்ரல் 13 முதல் 15 வரை பாங்காக்கின் சிலோம் சாலையிலோ காவோசானிலோ இறங்கினால் நனையாமல் வீடு திரும்ப முடியாது. இந்த ஆண்டுதான் பாங்காக்குக்குக் குடிவந்தவர்கள் அவசியம் போய்வாருங்கள். பிக்குகள், முதியவர்கள், கைக்குழந்தைகள், பைக்கில் போகிறவர்கள் மேல் மட்டும் தண்ணீர் அடிக்காதீர்கள்.

“என் போன் ஐபி68, ஒன்றும் ஆகாது” என்று பலர் நம்புகிறார்கள். ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் புகாமல் தடுப்பதற்கான தரக் குறியீடு. அதற்கான சோதனை, அசையாத நல்ல தண்ணீரில் போனை மூழ்கவைத்து நடத்துவது. தண்ணீர்த் துப்பாக்கியிலிருந்து பீய்ச்சியடிக்கும் நீர் வேறு கணக்கு. ஓரங்களை அடைக்கும் பசையும் ரப்பரும் நாள்பட நாள்படத் தளரும். கீழே விழுந்த போன், திரை மாற்றிய போன் என்றால் பழைய காப்பை நம்பவே வேண்டாம். தண்ணீரால் கெட்டால் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது.

ஆகவே கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை வேண்டும். தெருவோரத்தில் வாங்கியதானாலும் சரி, முதலில் உள்ளே டிஷ்யூ தாளை மட்டும் வைத்து மூடி, மேலே கனம் வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். தாளின் ஓரம் ஈரமானாலும் அந்த உறை ஆகாது. வாய்ப் பட்டையில் ஒரு தலைமுடி சிக்கினாலே கசியும். ஐஸ் தண்ணீர் பட்டதும் உள்ளே ஆவி படிவது ஓட்டையின் அடையாளம் அல்ல, பயப்பட வேண்டாம். உறை நனைந்திருந்தால் திரை விரலுக்குச் சரியாகக் கட்டுப்படாது; படம் எடுக்க வால்யூம் பட்டனை அழுத்துங்கள். வெயிலில் போன் சூடேறித் திரை மங்கினால் நிழலில் அணைத்துவையுங்கள்.

திருவிழாவில் கன்னத்தில் பூசும் வெள்ளைக் களிமண் குழம்பு தண்ணீரைவிடப் பொல்லாதது. காய்ந்தால் ஸ்பீக்கர் வலையில் சுண்ணாம்புபோல இறுகிவிடும். ஊசியால் குத்தினால் வலை கிழியும்; காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

போன் நனைந்துவிட்டதா? உடனே அணையுங்கள். சார்ஜ் போடவே கூடாது. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உலோக முனைகள் அரித்துப்போகும். சார்ஜ் துளை கீழே பார்க்க, உள்ளங்கையில் மெல்லத் தட்டி, விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அரிசியில் புதைத்தால் அதன் தூள் துளைக்குள் போகும். ஹேர் டிரையர் சூட்டில் பசை இளகும்.

திருவிழா மூன்று நாளும் கடை விடுமுறை. 16-ஆம் தேதி காலை திறப்போம். உள்ளே தண்ணீர் போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், ஆன் செய்து பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.