ஸ்டெல்லா, ஜனவரியில கிளம்புறதுக்கு முன்னாடி இதப் படிச்சிரு

அன்புள்ள ஸ்டெல்லா,

எப்படி இருக்க? சாம் எப்படி இருக்கார், பசங்க எப்படி இருக்காங்க, உன் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சுதா? ரெண்டு மாசமா உன் வாய்ஸ் மெசேஜ் ஒண்ணுக்குமே நான் பதில் போடல, அந்த 11 நிமிஷ மெசேஜுக்குக்கூட (அதுல 4 நிமிஷம் சேச்சியப் பத்தியே பேசியிருக்க, நீ திருந்தவே மாட்ட டி). திட்டணும்னா திட்டு, ஆனா முழுசா படிச்சுட்டுத் திட்டு. போன்ல சொன்னா பாதியில அழுதுருவேன், அதான் எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் கம்பளிக்குள்ள உக்காந்து டைப் பண்றேன்.

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். அத முதல்லயே சொல்லிடுறேன்.

குளிருன்னு சொன்னா நீ சிரிப்ப. நாரோயில்காரிக்கு மார்கழியில ஃபேன ஒண்ணுல வச்சா அதுவே குளிர்காலம். நான் இங்க ஊட்டிகிட்ட கேத்தியில பொறந்து வளந்தவ, ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டு வாயில புகை விட்டுக்கிட்டே பள்ளிக்கூடம் போனவ, நமக்குப் பழகுன குளிருதானன்னு நெனச்சுதான் அக்டோபர்ல வந்து எறங்குனேன். 16 வருஷம் தோஹாவுல கெடந்த உடம்புக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அங்க ஜனவரி ராத்திரி 14 டிகிரிக்கே ஜாக்கெட் மாட்டிக்கிட்டு நைட் டூட்டி பஸ்ஸுக்கு ஓடுவோமே, நெனச்சுப் பாரு. இங்க மத்தியானம் வெயில்ல நின்னா முதுகு சுடுது, ஒரு அடி தள்ளி நிழலுக்குப் போனா பல்லு அடிக்குது. தேங்காய் எண்ணெய் பாட்டில் அக்டோபர் கடைசியிலேர்ந்தே கட்டி. இட்லி மாவு ரெண்டு நாளானாலும் பொங்க மாட்டேங்குது, அம்மா மாவுச் சட்டிய அப்பாவோட பழைய ஸ்வெட்டர்ல சுத்தி கேஸ் அடுப்புப் பக்கத்துல வைக்கிறாங்க. மித்துவோட யூனிஃபார்ம் மூணு நாளா கொடியில தொங்கியும் ஈரம் போகல, காலையில இஸ்திரி போட்டுக் காய வைக்கிறேன், அவ அத அப்படியே சூடா வாங்கி மாட்டிக்கிறா. இதுல பக்கத்து வீட்டக்கா வேற, "இந்த ஊர்க்காரியா இருந்துட்டு குளிருதாங்கற"ன்னு பாக்கும்போதெல்லாம் கேக்குது. எனக்கு அது நெஞ்சுல குத்துது டி. என் ஊருலயே நான் டூரிஸ்ட் மாதிரி நிக்கிறேன்.

ஆனா பனி இருக்கே, அத நீ பாக்கணும். நவம்பர்ல நீர்ப்பனிதான், காலையில புல்லு நனஞ்சு கெடக்கும், அவ்வளவுதான். டிசம்பர் ஆரம்பத்துல ஒரு நாள் விடியக்காலம் அம்மா மித்துவ எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க, கீழ கேரட் தோட்டம், புல்லு, ஆட்டோவோட சீட்டு எல்லாம் உப்பு கொட்டி வச்ச மாதிரி வெள்ளை. மித்து அத ஸ்னோன்னு நெனச்சு டிபன் பாக்ஸ்ல சுரண்டி எடுத்துட்டு வந்தா, வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள ஒரு ஸ்பூன் தண்ணி ஆயிடுச்சு, ஒரே அழுகை. இது வானத்துலேர்ந்து விழறது இல்ல, தரையிலயே உறையறதுன்னு அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. மேகம் இல்லாம, காத்து இல்லாம, நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியற ராத்திரியிலதான் பனி விழும், மேகம் மூடி இருந்தா விழாது. பேப்பர்ல 4 டிகிரின்னு போட்டிருக்கும், நீ எப்படி உறையும்னு கேப்ப, அது ஆள் உயரத்துல நிழல்ல வச்ச தெர்மாமீட்டர் கணக்கு, அந்த மாதிரி ராத்திரியில புல்லு மட்டத்துல இன்னும் நாலஞ்சு டிகிரி கம்மியா இருக்கும். குளுந்த காத்து கனம், தண்ணி மாதிரி சரிஞ்சு பள்ளத்துல போய்த் தேங்கும். அதனால மேல் வரிசைத் தேயிலை பச்சையா நிக்குது, அதே தோட்டத்துல கீழ் வரிசை ரெண்டே வெயில்ல தீ வச்ச மாதிரி கருகிப்போச்சு. கேரட் போட்டவங்க விடியறதுக்குள்ள ஸ்பிரிங்க்ளர் போட்டுத் தண்ணி தெளிச்சு பனிய எறக்குறாங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவுல நாத்துக்கெல்லாம் கோத்தகிரி மிலார் செடிய வெட்டிட்டு வந்து மேல மூடி வைக்கிறாங்க. இங்க ஒவ்வொருத்தரும் எதையாவது குளிருலேர்ந்து மூடிக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க டி.

நானும் மூடினேன். அதான் விஷயம்.

நம்ம காசுல கட்டுன வீடு உனக்குத் தெரியுமே, பிளான வாட்ஸ்அப்ல பாத்து பாத்து சண்டை போட்டோமே. கான்கிரீட், டைல்ஸ், அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னல். டைல்ஸ்ல கால் வைக்க முடியல, ஜன்னல் சந்துல எல்லாம் காத்து ஊசியா வருது. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து ஃபோம் டேப் வாங்கி ஜன்னல் சுத்தியும் ஒட்டினேன், பாத்ரூம் பக்கம் இருந்த வெண்டிலேட்டர அட்டை வச்சு அடைச்சேன், ராத்திரி கதவுக்கு அடியில பழைய பெட்ஷீட்ட சுருட்டி வச்சேன். ஒரு நூல் காத்து வராது. நான்தான் அவ்வளவு பெருமையா சுத்திச் சுத்தி வந்து பாத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலமே கரண்ட் போச்சு. ஹீட்டர் இல்ல. மித்துவுக்கு சளி வேற. அம்மா கொல்லையிலேர்ந்து குமுட்டி அடுப்ப எடுத்து, கரியப் போட்டு, வெளியில வச்சு விசிறி விசிறி புகை போனதும் நல்லா செவந்த நெருப்பா ரூமுக்குள்ள கொண்டாந்து வச்சாங்க. எனக்கும் அது அவ்வளவு இதமா இருந்துச்சு, சின்ன வயசு வாசனை அது. மூணு பேரும் ஒரே கட்டில்ல, அம்மா மித்துவுக்குக் கதை சொல்லிக்கிட்டே தூங்கிட்டாங்க.

ரெண்டரை மணி இருக்கும், மித்து வாந்தி எடுத்த சத்தத்துல முழிச்சேன். எனக்கு மண்டை பொளக்குது. சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சேன். எழுந்தா கால் தள்ளாடுது, தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். அம்மாவக் கூப்பிட்டா "ம்"னாங்க, கண்ணத் தொறக்கல. கொரோனா சமயத்துல நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாங்குன ஆக்சிமீட்டர் இருக்குல்ல, அத எடுத்து மித்து விரல்ல மாட்டினேன், 98. அம்மாவுக்கு மாட்டினேன், 97. ஸ்டெல்லா, அந்த நம்பரப் பாத்துட்டு நான் பெருமூச்சு விட்டேன் டி. படுத்துக்கலாம்னு திரும்பக் கம்பளியக்கூடத் தூக்கிட்டேன்.

அப்பதான், ஏன்னு தெரியல, மூணு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படின்னு ஒரு கேள்வி வந்துச்சு. அந்த ஒரு கேள்விதான். குமுட்டியப் பாத்தேன், உள்ள இன்னும் செவப்பா இருக்கு. கார்பன் மோனாக்சைடு. எமர்ஜென்சி போஸ்டிங்ல நாம படிச்சதுதான், ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டும், நம்ம சாதா ஆக்சிமீட்டர் வெளிச்சத்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால ஆள் போய்க்கிட்டு இருந்தாலும் நல்ல நம்பர்தான் காட்டும். இதையெல்லாம் புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். என் வீட்டுல, என் கட்டில்ல, ஞாபகம் வர அவ்வளவு நேரம் ஆச்சு. அந்த வாயு மூளையவே மந்தமாக்குறதும் ஒரு காரணம்னு இப்ப சமாதானம் சொல்லிக்கிறேன், ஆனா மனசு ஆற மாட்டேங்குது.

கதவத் தொறந்து மித்துவ வாசல்ல கொண்டுபோய் போட்டேன். ஜன்னலத் தள்ளினா நான் ஒட்டுன டேப்புல சிக்கி நகரல, பிச்சு எறிஞ்சேன். அம்மாவ கம்பளியோட தரையில இழுத்துக்கிட்டு திண்ணைக்கு வந்தேன். வெளிய புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்கு, மேல அவ்வளவு நட்சத்திரம். அந்தக் குளுந்த காத்துதான் எங்கள உயிரோட வச்சுது. ரெண்டு மாசமா நான் எதுக்கு பயந்து அடைச்சு அடைச்சு வச்சேனோ அதே காத்து. பக்கத்து வீட்டண்ணன் ஜீப் கண்ணாடியில பனி கெட்டியா படிஞ்சிருந்துச்சு, அந்தக்காதான் (குத்திக் குத்திக் கேக்குமே, அதேதான்) மண்ணெண்ணெய் விளக்க வச்சுக்கிட்டு தன் முந்தானையாலயே சுரண்டி விட்டுச்சு. ஆஸ்பத்திரியில நல்லாப் பாத்துக்கிட்டாங்க. மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன். சாதா காத்துல அந்த விஷம் பாதியாக் குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், மாஸ்க்ல ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல குறையும், உனக்குத் தெரியாததா. சாயங்காலம் மித்து பன்னு கேட்டா. அம்மாவுக்குதான் ரெண்டு நாள் ஆச்சு.

இப்ப என் கவலை அம்மா. உடம்பு சரியாயிடுச்சு, பேச்சுதான் போச்சு. குமுட்டிய கொல்லையில கவுத்து வச்சிட்டாங்க. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு ஜன்னல் தொறந்திருக்கான்னு தடவிப் பாக்குறாங்க, மித்து மூக்குகிட்ட கைய வச்சுப் பாக்குறாங்க. "நாந்தான பிள்ளைய கொல்லப் பாத்தேன்"னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க, அதுக்கப்புறம் அதையும் சொல்லல.

முந்தாநாள்தான் கொஞ்சம் வாயத் தொறந்தாங்க. அவங்க சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையிலேர்ந்து வந்தவங்க, நான் சொல்லியிருக்கேன்ல, 1972-ல 16 வயசுல நுவரெலியாவுலேர்ந்து வந்து தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அப்புறம் இந்த மலை. சர்ட்டிபிகேட்டுல "தாயகம் திரும்பியோர்"னு இருக்கும், அதுக்கு முன்னாடி அம்மா இந்தியாவப் பாத்ததே இல்ல. அங்கயும் தை மாசம் இதே மாதிரி பனி விழுமாம். லயத்துல, அதான் எஸ்டேட் லைன் வீட்டுல, 10 அடிக்கு 12 அடி ஒரே காம்பரா, அதுலதான் அடுப்பு, அதச் சுத்திதான் ஏழு பேர் படுக்கை, விடிய விடிய நெருப்பு கெடக்கும், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லன்னாங்க. "தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல கை நொழையற சந்து இருக்கும்டி, அது வழியா பனி வருதேன்னு எங்கம்மா தெனம் சாக்கு வச்சு அடைப்பா, எங்கப்பா தெனம் எடுத்துருவாரு, ரெண்டு பேரும் சண்ட போடுவாங்க"ன்னாங்க. சொல்லிட்டு ரொம்ப நேரம் என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அம்மா, நெருப்பு வச்சது நீங்க, சந்த அடைச்சது நான்னு சொன்னேன். கேட்டாங்களா தெரியல.

சரி, நான் ஏன் இவ்வளவும் எழுதுறேன்னா, நீ ஜனவரியில பசங்களக் கூட்டிக்கிட்டு வரேன்னு சொன்ன, காட்டேஜ்ல தங்குறோம், கேம்ப் ஃபயர் எல்லாம் உண்டாம்னு குதிச்ச. வா. கட்டாயம் வா. ஆனா காட்டேஜ் வேண்டாம், எங்க வீட்டுக்கு வா. இல்ல சாம் கேக்க மாட்டார்னா, வெளிய நெருப்பு மூட்டுனா அது வெளியவே இருக்கட்டும், மிச்சம் கரி தணலா இருக்குன்னு யாரும் சட்டியத் தூக்கி ரூமுக்குள்ள வைக்கக் கூடாது, ஜன்னல கொஞ்சம் தொறந்து வச்சா போதும்னு யாராவது சொன்னாலும் கேக்காத. புகையே இல்லாம செவந்த கரிதான் பயங்கரம், கண்ணு எரியாது, இருமல் வராது, வாசனை தெரியாது. டூரிஸ்ட்டுங்க இப்படி ரூமுக்குள்ளயே செத்துப்போன செய்தி இந்த மலையில புதுசு இல்ல. தலைவலின்னு ஒரு பிள்ளை சொன்னா மாத்திரை தேடாத, பக்கத்துல இருக்கவங்களுக்கும் தலை வலிக்குதான்னு கேளு, ஆக்சிமீட்டர பெட்டியிலேர்ந்து எடுக்கவே எடுக்காத.

வரும்போது பேட்டரியில ஓடற கார்பன் மோனாக்சைடு அலாரம் ரெண்டு வாங்கிட்டு வா, ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு பக்கத்து வீட்டக்காவுக்கு, அவங்க வீட்டுலயும் ராத்திரி குமுட்டிதான், நான் சொல்லியும் மாத்தல. பசங்களுக்கு காதை மூடற குல்லா அங்க வாங்காத, இங்க திபெத் மார்க்கெட்டுல நல்லதா கிடைக்கும். உனக்கு வர்க்கி வாங்கி டின்னுல போட்டு வைக்கிறேன், சேச்சிக்கும் ஒரு பாக்கெட் கொண்டு போ, பாவம்.

அப்புறம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு போன் போடு, எனக்கு இல்ல, அம்மா நம்பருக்கு. இதப் பத்தி எதுவும் கேக்காத. போன தடவை லீவுக்கு வந்தப்ப அவங்க உனக்கு செஞ்சு குடுத்தாங்களே அந்த ரொட்டியும் கட்டச் சம்பலும், அது எப்படிச் செய்யறதுன்னு கேளு. உங்கிட்டதான் அவங்க நீளமா பேசுவாங்க.

அன்போட,
விஜி