ஆன்டெனாவின் முன்னால் நிற்பவரைப் பற்றி: தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் கோபுரத்துக்கு எதிர்ப்பு எழும் ஊர்களிலெல்லாம் பக்கத்து வீட்டாரைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியுமே பேச்சு நடக்கிறது. அதே கட்டிடத்தின் மொட்டைமாடியில், ஆன்டெனாவுக்கு ஓரிரு அடி முன்னால் நின்று பெயின்ட் அடிப்பவரையோ தண்ணீர்த் தொட்டி கழுவுபவரையோ எவரும் நினைப்பதில்லை. இம்மடல் அவர்களைப் பற்றியது.

புற்றுநோய் பற்றிய அச்சத்தை நான் எள்ளவில்லை. ரேடியோ அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளில் 2024இல் வெளிவந்த தொகுப்பாய்வோ, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. அறிவியலாளர்கள் அதைத் தொடர்ந்து ஆராயட்டும். ஐயத்துக்கே இடமில்லாத தீங்கு வெப்பம்.

செல்போன் கோபுரம் பரப்பும் ரேடியோ அலைகள் நுண்ணலை வகையைச் சேர்ந்தவை. நுண்ணலைக்கு மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லை. உடலிலுள்ள நீர்மூலக்கூறுகளை அசைத்து அது திசுவைச் சூடாக்குகிறது. ரத்த ஓட்டம் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. கண்வில்லைக்கு ரத்தக் குழாயே இல்லை என்பதால் அங்கே வெப்பம் எளிதில் தணியாது. மிகுந்த செறிவில் நுண்ணலை பாய்ச்சப்பட்ட முயல்களுக்குக் கண்புரை உண்டானது இதனால்தான். விதைப்பையும் வெப்பம் தாங்காத உறுப்பு. செல்போன் அலைவரிசைகளில் ஆற்றலின் ஒரு பகுதி தோலைக் கடந்து உள்ளே இறங்குவதால், சுடுகிறது என்று உணர்ந்து விலகிக்கொள்வதையும் நம்பியிருக்க முடியாது.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் உட்கவர்ந்தால் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் உயரும் என்பதை அடிப்படையாக வைத்து, பன்னாட்டு நெறிமுறை பயிற்சி பெற்ற பணியாளருக்கு 0.4 வாட் என்றும் பொதுமக்களுக்கு 0.08 வாட் என்றும் வரம்பிட்டது. நம் அரசு 2012 செப்டம்பரில் இன்னும் கண்டிப்புக் காட்டி, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுமக்கள் மேல் விழும் அலையாற்றலுக்கான வரம்பைச் சதுர மீட்டருக்கு 4.5 வாட்டிலிருந்து 0.45 வாட்டாகக் குறைத்தது. ஆனால் கூலிக்கு மாடியேறும் பெயின்டர், பயிற்சி பெற்ற பணியாளரும் அல்லர். கோபுரத்திலிருந்து விலகி வாழும் பொதுமக்களுள் ஒருவரும் அல்லர். இரண்டு ஆன்டெனாக்களுக்கு நேரெதிரே, அதே உயரத்தில் உள்ள கட்டிடம் 35 மீட்டர் தள்ளியிருக்க வேண்டுமென்று உங்கள் வழிகாட்டுதலே சொல்லியிருக்கும்போது, இவர் நிற்பது ஒரு மீட்டருக்குள்.

எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், நுழைவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் துறை ஏற்கெனவே கூறியுள்ளது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகை யாருக்காக? தமிழ்நாட்டில் தமிழோடு, கட்டிட வேலைக்கு வரும் வடமாநிலத்தவருக்காக இந்தியிலும் அது இருக்கட்டும். எத்தனை அடிக்குள் நிற்கக்கூடாது என்பதைத் தரையில் வண்ணக்கோடு காட்டட்டும். ஆன்டெனாவின் முன்னால் வேலை நடக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தின் அலைபரப்பை நிறுத்தக் கோருவதற்கான தொலைபேசி எண் பலகையிலேயே இருக்க வேண்டும். கோரிக்கை வந்தால் நிறுத்துவது நிறுவனத்தின் கடமையாக்கப்பட வேண்டும்.

கட்டணம் செலுத்திக் கதிர்வீச்சை அளக்கச் சொல்லும் வசதியைத் துறை பொதுமக்களுக்குத் தந்துள்ளது. தினக்கூலிக்காரர் பணம் கட்டி அளக்கச் சொல்லப் போவதில்லை. எனவே துறையின் வழக்கமான தணிக்கையில், மாடியில் மனிதர் நிற்கக்கூடிய இடங்களிலும் அளவெடுத்து அந்த எண்களை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மின்பொறியாளர்