கரிபூக்களின் காட்டுக்காக எழுதப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரெவெல்ஸ்டோக் ஊருக்கு வடக்கே, கரிபூ என்ற மானினம் வாழும் பழங்காட்டை வெட்டவிடாமல் தடுக்க இணையத்தில் கையெழுத்துத் திரட்டப் போவதாக எழுதியிருந்தீர்கள். திரட்டுங்கள். ஆனால் அதற்கு முதல், அந்த வெட்டுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்லும் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் எதிர்ப்பு பலிக்க வேண்டுமானால், அது வெட்டு அனுமதி கிடைக்கும் முன்பே, ‘கட்பிளொக்’ என்று சொல்லும் அந்த வெட்டுத் துண்டின் எண்ணோடு போய்ச் சேர வேண்டும். பிந்தி வரும் பத்தாயிரம் கையெழுத்தால் விழுந்த மரத்தை நிமிர்த்த முடியாது.

மரம் வெட்டினால் கரிபூ ஏன் சாகிறது என்பதை உங்கள் கடிதம் சரியாகச் சொல்ல வேண்டும். “தங்க இடம் போய்விடும்” என்று மட்டும் எழுதினால், பக்கத்தில் காடு இருக்கிறதே என்று பதில் வரும். நடப்பது வேறு. வெட்டிய நிலத்தில் வெயில் பட்டுப் புதர் செழிக்கும். புதரைத் தின்ன மூஸ் என்ற பெரிய மானும் மற்ற மான்களும் பெருகும். அவற்றின் பின்னால் ஓநாயும் மலைச் சிங்கமும் வரும். லொறிக்குப் போட்ட பாதையில் ஓநாய் வேகமாக ஓடி, முன்பு எட்டாத இடத்தையும் எட்டி, அங்கே கரிபூவையும் கொல்லும். மூஸுக்கு இரட்டைக் குட்டிகூடப் பிறக்கும். கரிபூ ஆண்டுக்கு ஒன்றுதான் ஈனும். அந்த இழப்பை அதனால் ஈடுகட்ட முடியாது. மலைக் கரிபூ குளிர்காலத்தில் இறுகிய ஆழ்பனி மேல் நின்று, முதிய மரங்களின் கிளைகளில் பாசிபோலத் தொங்கும் லைக்கனைத் தின்று உயிர் வாழ்கிறது. வெட்டிய இடத்தில் கன்று நட்டாலும் அந்த லைக்கன் போதிய அளவு படரப் பல தலைமுறை ஆகும். ஆகவே “மீண்டும் நடுவோம்” என்ற உறுதிமொழியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அமெரிக்க எல்லையோர மலைகளில் இருந்த தெற்கு செல்கர்க் மந்தையில் 2018 இல் எஞ்சியவை மூன்று பெண் கரிபூக்கள். 2019 ஜனவரியில் கடைசி ஒன்றையும் பிடித்து ரெவெல்ஸ்டோக் அருகே ஒரு பட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மலைகளில் மந்தை என்று ஒன்று இல்லாமல் போனது.

இனி வேலைக்கு வருவோம். மரம் வெட்டும் நிறுவனம் அனுமதி கேட்பதற்கு முன், வெட்டுத் துண்டுகளையும் பாதைகளையும் காட்டும் ‘ஃபொரெஸ்ட் ஒப்பரேஷன்ஸ் மப்’ என்ற வரைபடத்தை மாகாணத் தளத்தில் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விட வேண்டும். அந்த வரைபடம் 3 ஆண்டு செல்லுபடியாகும். அதாவது இன்று தவறவிட்டால் அடுத்த 3 ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் அதை வைத்து அனுமதி கேட்கலாம். வரைபட எண், துண்டின் பெயர், ஹெக்டேர், முடிவுத் தேதி நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாகாணத்தின் இணைய வரைபடமான ‘ஐமப் பிசி’யில் அதே இடத்தைத் திறந்து, கரிபூவுக்கான ‘அங்குலேற் வின்ரர் றேஞ்ச்’ என்ற குளிர்கால வாழிட எல்லையையும் வனவிலங்கு வாழிட எல்லையையும் மேலே போட்டுப் பாருங்கள். சில எல்லைகளுக்குள் வெட்டவே கூடாது. சிலவற்றில் நிபந்தனையோடு வெட்டலாம். எது என்பது அந்தந்த எல்லைக்கான ஆணையில் இருக்கும். அதை வாசிக்காமல் எழுதினால் முதல் வரியிலேயே உங்களைத் திருத்திவிடுவார்கள்.

பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. வாழிடத்தில் 65 சதவீதமாவது குலையாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கு, 2012 இல் வந்த வடகாட்டுக் கரிபூ மீட்புத் திட்டத்தில் முழு வாழிடப் பரப்புக்கும் பொதுவானது. உங்கள் பகுதிக்குரியது தெற்கு மலைக் கரிபூவின் 2014 திட்டம். அதில் அந்த எண் தாழ்நிலக் குளிர்கால வாழிடத்துக்கே பொருந்தும். உயர்மலை வாழிடத்தில் குலைவு மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் துண்டு உயர்மலையில் இருந்து, நீங்கள் 65 என்று எழுதினால், மீதி 35 ஐ வெட்டலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

கருத்தை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். நிறுவனம் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்: இது முக்கிய வாழிடத்துக்குள் வருகிறதா? மரங்களின் வயது என்ன? பாதையை எந்த ஆண்டு, எப்படி மூடுவீர்கள்? ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால் அது ஒரே கருத்தாகவே பார்க்கப்படும். பத்துப் பேர் பத்துத் துண்டைப் பிரித்தெடுத்து எழுதுவது எங்கள் கணிப்பில் அதைவிட வலுவானது. பாதையோரம் மரவரிசை விடச் சொல்லிக் கேட்காதீர்கள். அது வாகனத்தில் போகிறவர்களின் கண்ணுக்குத்தான் உதவும், கரிபூவுக்கு உதவாது.

கையெழுத்துக்கு உரிய இடம் மத்திய அரசு இருக்கும் ஒட்டாவா. மத்திய அரசின் அழிநிலை உயிரினச் சட்டம் மாகாண நிலத்தில் உள்ள கரிபூவின் வாழிடத்துக்குத் தானாகப் பொருந்தாது; 61 ஆம் அல்லது 80 ஆம் பிரிவின் கீழ் ஆணை வேண்டும். தெற்கு மலைக் கரிபூவின் மீட்சிக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று மத்திய அமைச்சர் 2018 மே மாதத்திலேயே முடிவு சொல்லிவிட்டார். அதைக் கடிதத்தில் கட்டாயம் சுட்டுங்கள். நாடாளுமன்ற மனுவுக்குக் காகிதத்தில் 25 கையெழுத்து போதும்; இணைய மனுவுக்குத் தொடங்க ஐந்து ஆதரவாளர்களும் பிறகு 500 கையெழுத்தும் வேண்டும். சபையில் சமர்ப்பித்த பின் 45 நாளில் அரசு பதில் தர வேண்டும். தலைமைக் கணக்காய்வாளர் சட்டத்தின் கீழ் தனியாளாகவே சுற்றுச்சூழல் மனு போடலாம். அமைச்சர் 120 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். எதற்கும் குடியுரிமை தேவையில்லை, கனடாவில் வசித்தால் போதும். தனியார் தளங்களில் திரட்டும் கையெழுத்துக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது.

அந்த நிலத்துக்குரிய பூர்வகுடி அரசு என்ன நிலைப்பாடு எடுத்திருக்கிறது என்று முதலில் வாசித்துவிட்டு எழுதுங்கள். மாகாணத்தின் வடகிழக்கில் வெஸ்ற் மொபர்லி, சோல்ரோ பூர்வகுடி மக்கள் 2014 முதல் சினைக் கரிபூக்களைப் பட்டியில் காத்தார்கள். ஓநாய்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. 2013 இல் 38 ஆக இருந்த கிளின்சே-சா மந்தை 2021 இல் 101 ஆனது. அதோடு நிற்காமல், 2020 இல் மத்திய, மாகாண அரசுகள் இரண்டோடும் ஒப்பந்தம் செய்து வாழிடத்துக்கும் பாதுகாப்பு வாங்கினார்கள். பட்டியும் ஓநாய்க் குறைப்பும் காடு திரும்பும்வரை காலம் வாங்கித் தரும். காட்டை வெட்டிக்கொண்டே அவற்றை நடத்தினால் ஒருபோதும் நிறுத்த முடியாது.

கருத்து அனுப்பியதும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் தளத்தில் சென்ரினல்-2 செயற்கைக்கோள் படங்களை மாதம் ஒருமுறை பாருங்கள். இலவசம், 10 மீற்றர் துல்லியம், ஆனால் மேகமில்லாத நாளைத் தேட வேண்டும். முதலில் தெரிவது பாதைதான். வரைபடத்தில் இல்லாத பாதை தெரிந்தால் தேதியிட்ட இரண்டு படங்களோடு மாவட்ட வன அலுவலகத்துக்கும், வன வேலைகளைக் கண்காணிக்கும் ஃபொரெஸ்ட் பிராக்ரிசஸ் போர்டுக்கும் எழுதுங்கள். போர்டால் வெட்டை நிறுத்தவோ தண்டிக்கவோ முடியாது. ஆனால் முறைப்பாட்டை விசாரித்து அறிக்கை வெளியிடும். அடுத்த வரைபடத்துக்குக் கருத்து எழுதும்போது அந்த அறிக்கையை எண்ணோடு மேற்கோள் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும்